பாங்கு சொல்லாத நேரத்தில்

எங்கள் பேண்டுக்கு ஊர் முழுக்கப் பேர் கிடையாது. கற்பிட்டிக் கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரரும், மாம்புரியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வரும் பத்துப் பதினைந்து மீன்பிடிக்காரரும்தான் எங்கள் இரசிகர். மாம்புரிக்காரர் இருபது வருடமாக அதே ஆட்கள்தான், தலை மட்டும் நரைத்துவிட்டது. நான் ட்ரம் அடிப்பேன். கிட்டார் அடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறவன் என் மச்சான், தங்கச்சியைக் கட்டியவன்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துவோம், பாட்டின் நடுச்சொல்லாக இருந்தாலும். பாங்கு முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து பிடிப்போம். யாரும் சொல்லித் தரவில்லை, முதல் நாள் கை தானாக நின்றது. பிறகு அதைப் பார்க்கவே வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள்.

போன மாதம் ஒரு ஹோட்டலில் கச்சேரி. நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தில் எந்தப் பள்ளியிலும் பாங்கு சொல்ல மாட்டார்கள். ஆனால் நாங்கள் நிற்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்றானாம் ஹோட்டல்காரன். மச்சானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

“நான் கையத் தூக்குவன். ஒரு நிமிசம் நிப்பம். அவ்வளவுதான்.”

“பாங்கு இல்லாம என்னத்துக்குடா நிக்கிற? விசரா உனக்கு?”

“ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“பெரிய ஆலிம்சா வந்துட்டாரு. நீ கடைசியா சுபஹுத் தொழுகைக்கு எழும்பின நாளச் சொல்லு பாப்பம்.”

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவன் சொன்னது உண்மை. நான் ஒழுங்காகத் தொழுகிறவன் இல்லை. பள்ளியில் என்னை அடையாளம் தெரியாதவர்கள்கூட இருப்பார்கள். அல்லாஹ்வுக்கென்று நான் தவறாமல் செய்தது அந்த நிற்பு ஒன்றுதான். அதையும் கூத்தாக்கச் சொல்கிறான்.

மூன்றாம் பாட்டின் நடுவில் கையைத் தூக்கினான். கிட்டார் நின்றது. எங்களோடு பேஸ் வாசிக்கிறவனும் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளைக்காரர் போன்களைத் தூக்கினார்கள். நான் அடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, முன்பைவிடப் பலமாக அடித்தேன். மச்சான் திரும்பி, “நிப்பாட்டுடா நாயே” என்றான். மைக்கில் அது நன்றாகவே கேட்டது. பின்னால் நின்ற மாம்புரிக்காரர் ஒவ்வொருவராக மோட்டார்சைக்கிள் பக்கம் போனார்கள். போன்கள் எல்லாம் இறங்கும்வரை நான் விடவில்லை.

பேண்ட் அன்றோடு சரி. தங்கச்சி வீட்டுக்குப் போனால் அவன் எழும்பி உள்ளே போய்விடுகிறான். கேட்கிறவர்களிடமெல்லாம் நான்தான் உடைத்தேன் என்று சொல்கிறானாம். ஓம், நான்தான் உடைத்தேன். நாளைக்கும் அவன் அப்படிக் கையைத் தூக்கினால், நாளைக்கும் உடைப்பேன்.