படத்தின் முதுகில் எழுதியவள்

பசைக்காரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் கடைசித் தம்பியின் வாயிலிருந்துதான்.

"ஸ்டூடியோவுல ஆல்பம் ஒட்டுறாளே பசைக்காரி, அவளத்தான்க்கா கட்டிக்கப் போறேன். ஒட்டுனா விடமாட்டா!" என்று சிரித்தான்.

கைநீட்டுகிற புத்தி எங்கள் குடும்பத்தில் அப்பாவைப் பெற்றவரிடமிருந்து வருகிறது. அவர் முதல் தாரத்தின் பல்லை உடைத்தவர். அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. தம்பி அவர்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகு பசைக்காரி வீட்டிலேயே ஆல்பம் செய்தாள். படத்தின் நான்கு மூலையில் மட்டும் பசை தடவி ஒட்டிவிட்டுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவாள். சொந்த ஆல்பத்திலும் அப்படித்தான். "கடற்கரையில் மூவரும். நல்ல காற்று." ஒரு நாள் அந்தப் படத்தை உரித்து எனக்குக் காட்டினாள். பின்பக்கம் பென்சில் எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தேன்: "இதற்கு முன்னால் காருக்குள் கழுத்தை நெரித்தார். அதனால்தான் கழுத்தைச் சுற்றித் துணி."

"ஏன்டி இதெல்லாம்?"

"நான் செத்துட்டா எம்பொண்ணு முன்பக்கத்த மட்டும் பாத்து நம்பிருவா அண்ணி. எங்கப்பா தங்கம்னு ஊரெல்லாம் சொல்லுவா."

கூடப்பிறந்தவனாயிற்றே என்று நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் வயிற்றில் உதை வாங்கியவள், ஆத்திரத்தில் பென்சிலைத் தேடாமல் அவன் படத்தின் முதுகில் பேனாவால் அழுத்தி எழுதிவிட்டாள். ஆல்பம் ஒட்டுகிற கை செய்யக்கூடாத தப்பு அது.

அடுத்த ஞாயிறு மதியம் நானும் அங்கே இருந்தேன். தம்பி தன் படத்தைத் தானே ரசிக்க ஆல்பத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தான். அவன் கன்னத்தில் எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"என் மூஞ்சில என்னடி கிறுக்கல்?"

உரித்தான். படித்தான். அடுத்ததையும் உரித்தான். பிறகு அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் மேசையெல்லாம் கொட்டியது. மேசைமேல் அவள் ஆல்பத்துக்குக் காகிதம் வெட்டும் மெஷினின் கத்தியைத் தூக்கி, அவள் வலது கையை அடியில் திணித்தான்.

"இனிமே எழுது பாப்போம்!"

இரண்டு விரல் போயிற்று. ஏழு வயது மகள் மேசைக்கடியிலிருந்து அலறினாள். நான் ஸ்டூலைத் தூக்கி அவன் மண்டையில் போட்டேன்.

விழுந்து கிடந்தவன் என் காலைப் பிடித்தான். "மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுக்கா. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் சொன்னா நம்புவாங்கதான்டா," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுப் போலீஸ் வந்தது. ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். முதுகில் எழுத்தோடு பத்தொன்பது படம். கண்ணால் பார்த்ததையும் சொன்னேன், கோர்ட்டிலும் சொன்னேன். தம்பி உள்ளே போனான். அன்றிலிருந்து என் அண்ணன்மார் என் வாசலை மிதிப்பதில்லை. வாசலாவது தேயாமல் கிடக்கட்டும்.

பதினோரு வயதில் மகள், கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த ஆல்பத்தின் எல்லாப் படங்களையும் தானே திருப்பிப் படித்தாள். அப்பாவைப் பார்க்க ஒரே ஒரு தடவை சிறைக்குப் போனாள். அதன்பிறகு போகவில்லை.

பசைக்காரி இப்போது பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், ஒரே அறையில் மகளோடு இருக்கிறாள்.