மஞ்சள் விளக்கைப் பற்றிப் பேச்சிமுத்து மாமா சொல்லச் சொன்னது

பேச்சிமுத்து மாமா இறந்துபோன செய்தி வியாழக்கிழமை காலையில், நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. மருத்துவமனையிலிருந்து லட்சுமி அத்தை அப்பாவை அழைத்திருந்தார். அப்பா "செரி... செரி" என்று இரண்டு முறை சொன்னார். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அம்மா அடுப்பை அணைத்தாள். கல்லில் தோசை பாதி வெந்து கிடந்தது. "நீ இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகண்டா" என்றார் அப்பா. இரண்டு வாரங்களுக்கும் மேலாக இந்த ஒரு போனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

இதை, வண்டிக்குப் பின்னால் சக்கர வீட்டை மாட்டி இழுத்துப் பயணம் போகும் நம் டிரெய்லர் குழுவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் மாமாவை நேரில் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த குறிப்புகளைத்தான் உங்களுக்குத் தெரியும். அவற்றைச் சொன்னது அவர், எழுதியது பத்தாம் வகுப்பு படிக்கும் நான். ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தார். எந்த மரைக்கு எந்தத் திருகாணி என்று தொட்டே சொல்லிவிடுவார்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். மாமாவின் இரண்டு சிறுநீரகங்களும் மூன்று வருடங்களுக்கு முன்பே செயலிழந்துவிட்டன. ரத்தத்திலுள்ள கழிவை எடுக்க, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை ஏற்றி, சில மணி நேரம் கழித்து அதை வடித்து, புதிதாக ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் கதவையும் சன்னலையும் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தூசி பட்டால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். அதனால் மாமா நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வீட்டை விட்டு எங்கும் போனதில்லை. அவரை விட்டு அத்தையும் போனதில்லை.

அத்தையின் அக்கா தென்காசியில் இருக்கிறார். அவர் வீடு ஒரு மாவு மில்லின் பின்கட்டு, எப்போதும் மாவு பறந்துகொண்டிருக்கும். மாமா அங்கே போய்த் தங்கவே முடியாது. அக்காவும் தங்கையும் மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. மாமா பழைய டிரெய்லர் ஒன்றைத் தேடி வாங்கியது அதற்காகத்தான். அதன் சுவரில் கொக்கி அடித்துத் திரவப் பையைத் தொங்கவிடலாம். கதவை இறுக அடைக்கலாம். அக்கா வீட்டு வாசலில் அதை நிறுத்தி, அத்தையை இரண்டு நாள் இருக்கவிட்டுக் கூட்டிவர வேண்டும். நீங்கள் படித்த குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு பயணத்துக்காக அவர் செய்து பார்த்தவை.

"வியாதின்னு எழுதட்டுமா மாமா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. வியாதிக்காரன் சொல்லுதான்னு தெரிஞ்சா எல்லாவனும் எரக்கப்படுவான். எவனும் சொன்னதக் கேக்க மாட்டான். எனக்குக் கேட்டா மதி, அது போதும்" என்றார்.

சக்கரக் கட்டைக் குறிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். டிரெய்லரைக் கடையின் பின்முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். அது லேசான சரிவு. தன் ஜீப்பில் அதை இழுத்து வந்த, மாமாவின் மலையாளி நண்பர் நசீர் இக்கா இணைப்பைக் கழற்றியதும் டிரெய்லர் தானாகவே புறப்பட்டது. "அண்ணாச்சி, வண்டி போகுந்நே!" என்று இக்கா கத்தினார். மாமா, "பிடிடா நசீரே, பாத்துக்கிட்டு நிக்கான்!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார். டிரெய்லர் போய் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் டிரம்களில் மோதி நின்றது. டிரம்கள் உருண்டு கடைத்தெருவரை ஓடின. அன்று மாலை நான், "டிரெய்லரைக் கழற்றும் முன் சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைத்திருப்பதை உறுதிசெய்யவும்" என்று எழுதிக் காட்டினேன்.

"டிரம்மு உருண்டத எங்கட்டி காணோம்?"

"அது எதுக்கு மாமா?"

"அதப் படிச்சுச் சிரிச்சவன் கட்டைய மறக்க மாட்டான். உறுதிசெய்யவுமாம்! வாத்தியாரம்மா நோட்டீஸ் ஒட்டுதா" என்று சொல்லி அவரே சிரித்தார். அன்றிலிருந்து எல்லாக் குறிப்பையும் முதலில் என்ன தப்பாகப் போனது என்று தொடங்கி எழுதினோம். கூரை இணைப்பில் பழைய பசையைச் சுரண்டாமல் மேலேயே புதுப் பசையைப் பூசி, முதல் மழையிலேயே மெத்தை நனைந்ததைக்கூட அவர் மறைக்கவில்லை.

ஒரே ஒரு பொய் உண்டு. நெடுஞ்சாலையில் டிரெய்லரின் வால் பாம்புபோல ஆடியது பற்றிய குறிப்பில், கனமான அரிசி மூட்டைகளைப் பின்னால் வைத்ததுதான் காரணம், பாரத்தைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள் என்று எழுதியிருந்தோம். அவை அரிசி மூட்டைகள் அல்ல. மாமாவின் திரவப் பெட்டிகள்.

மஞ்சள் விளக்கு வந்தது பூச்சியால். முற்றத்தில் ஒரு மாலை டிரெய்லருக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஈசல் கூட்டமாக வந்து படுக்கையில் விழுந்தது. "இதுக்குள்ள நான் எப்படிப் படுக்கன்? நீங்களும் ஈசலும் படுங்க" என்று அத்தை இறங்கிவிட்டார். மாமாவுக்கும் பயம்தான். திரவம் மாற்றும்போது ஒரு பூச்சி குழாய் முனையில் பட்டால் போதும். மறுநாளே நான்கு வெள்ளை விளக்குகளையும் கழற்றிவிட்டு வெளிச்சம் குறைந்த மஞ்சள் விளக்குகளைப் போட்டார். பூச்சி வருவது குறைந்தது. மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கியது. அந்தக் குறிப்புக்குக் கிடைத்த பாராட்டு வேறு எதற்கும் கிடைக்கவில்லை. பதினோரு பேர் தங்கள் டிரெய்லருக்கும் மஞ்சள் விளக்குப் போட்டுப் படம் அனுப்பினீர்கள். மாமா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

தென்காசிக்கு முன் ஒத்திகையாக இரண்டு நாள் மலையடிவாரத்துக் கல்லாற்றுக்குப் போனார்கள். நசீர் இக்கா கொண்டுபோய் விட்டுவந்தார். நான் போகவில்லை. அங்கே நடந்ததை அத்தைதான் பிறகு சொன்னார்.

வடித்த திரவம் தெளிவாக இருக்க வேண்டும். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்தைப் படித்துப் பார்ப்பது மாமாவின் வழக்கம். எழுத்து மங்கினால் கிருமி வந்துவிட்டது என்று பொருள், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நாள் மாலை கல்லாற்றில் நல்ல மழை. கதவு, சன்னல் எல்லாம் அடைத்திருந்தது. "எழுத்து மங்கலா இருக்கே?" என்று அத்தை கேட்டார். மாமா செய்தித்தாளைப் பைக்குப் பின்னாலிருந்து எடுத்து வெறுமனே பிடித்துக் காட்டினார். "இதும் மங்கலாத்தான் இருக்கு. நாம போட்ட பல்பு அப்படி." அத்தையும் பார்த்தார். மங்கலாகத்தான் இருந்தது. மறுநாள் காலையும் மழை விடவில்லை. மறுபடி அதே பதில். மதியம் மாமாவுக்கு வயிறு வலித்தது. மலைக் காற்று என்று படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் வடித்தபோது பையில் இருந்தது கஞ்சித் தண்ணீர்போல இருந்தது.

முதல் நாள் மாலையே வந்திருக்கலாமே என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் அத்தை இன்றுவரை பேசியதில்லை.

மருத்துவமனையில் சேர்த்த ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போனேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னைக் கண்டதும், "எத்தன பேருட்டி மஞ்ச பல்பு போட்டாங்க?" என்று கேட்டார்.

"பதினோரு பேரு மாமா."

"பேரும் நம்பரும் எழுது."

அத்தை குறுக்கே வந்தார். "இப்ப எதுக்கு இது? பல்பப் போட்டுச் செத்தான்னு ஊரு சிரிக்கணுமா?"

"நான் இன்னும் சாகலியே. நீயே அனுப்பிருவ போலிருக்கே" என்றார் மாமா. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுகிறேன் என்றேன். "போட்டா கட்டைவிரலக் காமிச்சிட்டுப் போவான். ஒவ்வொருத்தனாக் கூப்பிடணும்" என்றார். நான் எண்ணை அழுத்திக் கொடுக்க, அவர் தன் வியாதியையும் கல்லாற்றில் நடந்ததையும் சொன்னார். மூன்றாவதாகப் பேசியவர், எங்கள் வீட்டில் யாருக்கும் வியாதி இல்லையே அண்ணாச்சி என்றார். மாமா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "கைக்குழந்தை இருக்குல்லா? அதுக்குக் கண்ணு மஞ்சளாச்சுன்னா அந்த வெளிச்சத்துல தெரியுமா? மருந்துப் பேரு தெரியுமா? மஞ்சள் இருக்கட்டும். பக்கத்துல நல்ல வெள்ளை ஒண்ணு மாட்டு. எதையும் பாக்கணும்னா அதப் போட்டுப் பாரு." நான்கு பேரிடம் பேசியதும் போன் கையிலிருந்து நழுவியது. "மிச்சத்த நாளைக்குப் பேசலாம்" என்றார். மறுநாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை.

தென்காசி அக்கா வியாழக்கிழமை மதியம் பேருந்தில் வந்து சேர்ந்தார். அக்காவும் தங்கையும் மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொண்டது மாமாவின் உடலுக்குப் பக்கத்தில்தான். "நான் ஒரு எட்டு வந்திருக்கலாமேட்டி" என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதார். மில்லை விட்டு அவரால் ஒரு நாளும் வர முடிந்ததில்லை. இப்போது அத்தை நினைத்த நாளில் தென்காசிக்குப் போகலாம். ஆனால் அத்தை போகவில்லை. அக்காவை அனுப்பிவிட்டு, திரவம் மாற்றிய நான்கு வேளையும் அந்தந்த நேரத்துக்கு எழுந்து கைகழுவிவிட்டு வந்து உட்காருகிறார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "எழுது. வியாதியையும் எழுது" என்றார்.

மாமாவிடமிருந்து எனக்கென்று இருப்பது ஏழு பெயர்கள். என் கையெழுத்தில் இருக்கின்றன, ஆனால் அவர் பேசியிருக்க வேண்டியவர்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே ஒவ்வொருவரிடமும் சொல்லப்போகிறேன். பள்ளி விட்டு வந்ததும் மாலை ஐந்து மணிக்கு மேல் அழைக்கிறேன். நேற்று அழைத்த முதலாமவர் எடுக்கவில்லை. தெரியாத எண்ணாக இருந்தாலும், தயவுசெய்து எடுங்கள்.