இருபது விநாடி பட்டன்

டெஸ்ட் டிரைவில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவளுக்கு பிரேக் கிடையாது. வாய் மட்டும்தான் உண்டு. அந்த வாயால் என்ன சொல்வது என்பதில்தான் எனக்கும் எங்கள் ஓனருக்கும் தகராறு. தனக்கே நம்பிக்கையில்லாத சரக்கைப் புகழ்ந்து சம்பளம் வாங்கிய சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வீடு திண்டிவனம். சனி, ஞாயிறு மட்டும் விழுப்புரம் பைபாஸில் பழைய கார் விற்கும் இடத்தில் வேலை. அங்கே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் விற்காமலே நின்றது. இரண்டே கதவு. பின்சீட் என்று ஒன்று உண்டு. முழங்காலை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் உட்காரலாம். ஸ்டியரிங்கில் ஒரு வட்டப் பட்டன். அழுத்தினால் இருபது விநாடிக்கு எஞ்சின் முழு முறுக்கில் தயாராக இருக்கும். எதிரே திரையில் இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று எண் இறங்கிக்கொண்டே வரும்.

ஒரு வாக்கியம்

ஓனர் எனக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்: "இந்த பட்டனை அழுத்தினா எந்த ஓவர்டேக்கும் சேஃப்." வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்ல வேண்டுமாம். "எதிர்ல பஸ் வர்றது பட்டனுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன். விடவில்லை, நம் வேகம், எதிரே வருகிறவன் வேகம், இடையில் உள்ள தூரம் என்று அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கணக்கு கரெக்ட்தாம்மா. ஆனா கணக்கு கேக்கறவன் எவனும் சிவப்பு வண்டி வாங்க வர்றதில்ல."

கேட்டில் கரைந்தது

மறுநாளிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வேலை போய்விடக் கூடாதே. முதலில் கேட்டவர் முகையூர் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. கேட்ட சந்தோஷத்தில், மூடியிருந்த ரயில்வே கேட்டுக்கு முன்னாலேயே பட்டனை அழுத்திவிட்டார். எஞ்சின் உறுமியது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எண் இறங்க இறங்க மனிதர் தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டுமே! கையிலிருந்த பால் கொட்டிக்கொண்டிருப்பது போல ஒரு முகம். பூஜ்ஜியம் வந்ததும் என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தபா வருமா, இல்ல இருந்ததே அவ்ளோதானா?"

பிளாட் ரோட்டில் ஆராய்ச்சி

மெக்கானிக் பாஸ்கர் அண்ணனை நச்சரித்து, மனை பிரித்துப் போட்டு இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத பிளாட் ரோட்டுக்குக் காரைக் கொண்டுபோனோம். அவர் ஓட்ட, நான் செல்போனில் நேரம் பிடித்தேன். பட்டனோடு, பட்டன் இல்லாமல், திரும்பத் திரும்ப. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏற்கெனவே பாய்ச்சலில் இருந்தால் பட்டனால், செல்போனில் நேரம் பிடிக்கிற என் கட்டைவிரலுக்கு எட்டுகிற வித்தியாசம் எதுவுமில்லை. சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போது அழுத்தினால் சுமார் ஒரு விநாடி மிச்சம். தூங்குகிற எஞ்சினை முன்கூட்டியே எழுப்பி வைக்கிறது, அவ்வளவுதான்.

சுத்தப் பொய் என்று நிரூபிக்கப் போனவள் நான். ஒரு விநாடி உண்மை இருந்துவிட்டது, எரிச்சலாக வந்தது. பாஸ்கர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு செகண்டா? ஏறலாமா வேணாமான்னு ரோட்டைப் பாக்கவே எனக்கு மூணு செகண்டு ஆவுது பாப்பா."

கரும்பு டிராக்டர்

அப்புறம்தான் ஏழுமலை அண்ணன் வந்தார். கண்டமங்கலத்துக்காரர், புதுச்சேரியில் கம்பெனி வேலை. அவர் மனைவி தேவகி அக்கா பின்சீட்டில் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தனை தெரிந்தும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மெயின் ரோட்டை விட்டு இறங்கிய குறுகலான ரோடு. முன்னால் கரும்பு டிராக்டர், லோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு. ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் பட்டனை அழுத்தினார். ரோடு வளைந்ததால் எதிரே எதுவும் தெரியவில்லை. சரியாகத்தான் காத்திருந்தார். பன்னிரண்டு. ஒன்பது. அவர் கண் ரோட்டை விட்டுத் திரைக்குப் போவதைப் பார்த்தேன். ஆறு வந்ததும், "தீந்துடப் போவுது" என்று முனகிக்கொண்டே வலப்பக்கம் ஏறினார். வளைவில் டவுன் பஸ்.

"பிரேக்!" என்று கத்தினேன். அடித்தார். டிராக்டருக்குப் பின்னால் நுழைந்தோம். கரும்புத் தோகை கண்ணாடியை வழித்தது, பஸ் ஹாரன் அடித்தபடியே கடந்து போனது. பிறகு பின்சீட்டிலிருந்து, கோபமே இல்லாமல், மெதுவாக:

"நீதானம்மா சேஃப்புன்னு சொன்னே?"

பாடம்

அன்றைக்கே ஓனரிடம் சொல்லிவிட்டேன், இனி அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வராது என்று. "அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டி போவலன்னா வேற பொண்ணைப் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை வந்தவர் திண்டிவனத்துப் புது மாப்பிள்ளை. போக வர உள்ளதை உள்ளபடி சொன்னேன்: பட்டன் கொடுப்பது ஒரு விநாடி, அந்த இறங்குகிற எண் பறிப்பது உங்கள் பொறுமையை. கையில் இருப்பது தீர்ந்துபோகிறது என்று தோன்றினால் யாருக்கும் செலவழிக்கத்தான் கை வரும், நிறுத்த வராது. காரை நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நான் பட்டனைப் பத்திக் கேட்டேன்கா. நீங்க கிளாஸ் எடுத்துக்கினு வர்றீங்க."

கழற்றியது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவகி அக்காவும் ஏழுமலை அண்ணனும் மறுபடி வந்தார்கள். என் மேல் புகார் சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா நேரே ஓனரிடம் போனார். "இவருக்கு வண்டி புடிச்சிப்போச்சி. ஒரு வாரமா பேஜாரு தாங்கல. எடுத்துக்கறோம். முன்சீட்ல நான்தான். அந்த பட்டனை மட்டும் கழட்டிடுங்க, இந்தப் பொண்ணு கண்ணு முன்னாடி."

ஓனர் என்னைப் பார்த்தார். "பட்டன் இல்லாட்டி வண்டில என்னம்மா கொறையும்?"

"ஒரு செகண்டு சார்" என்றேன்.

ஏழுமலை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பாஸ்கர் அண்ணன் வயரைப் பிரித்து, ஓட்டையின் மேல் ஒரு கறுப்பு மூடியை அழுத்தினார். சிவப்பு கார் கேட்டைத் தாண்டி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்ற ஓனர், திரும்பாமலே சொன்னார்:

"அடுத்த சனிக்கெழம ஜல்தியா வந்துடு. மத்த வண்டிங்கள்ல என்னென்ன கழட்டலாம்னு பாக்கணும்."

அந்த மாதிரி பட்டன் உதவுமா என்று கார் பார்க்க வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள்: உதவும், ஒரு விநாடிக்கு, மீதிப் பத்தொன்பதும் பக்கத்து சீட்டில் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.