விளக்கு வைப்பதற்குள் சாப்பிடும் டீச்சர்

இன்று களம்பூரிலிருந்து வரும்போது, பஸ்ஸில் பின் இருக்கைக்காரர் குனிந்து கேட்டார்.

"தறிக்காரங்க பொண்ணுங்களுக்கு இலவசமா டியூஷன் எடுத்துகினு இருக்கிறது நீங்கதானே?"

"ஆமாங்க. எங்க சமணத்துல கல்வியும் ஒரு தானம்."

"நீங்க சொல்லித்தானே உங்ககிட்ட படிக்கிற செல்வி, படிக்கணும், எங்க பையனோட கல்யாணம் வேணாம்னு சொல்லிடுச்சு?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கள்லாம் இருட்டுறதுக்குள்ள சாப்ட்ருவீங்களாமே. அப்ப ஆறு மணிக்கு வீட்ல தனியாத்தான் இருப்பீங்க."

ஆரணியில் எனக்கு முன்பே இறங்கி, என் தெருப் பக்கமாக நடந்தார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை, நேராக டியூஷன் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். இன்று எனக்கு உபவாசம், சாப்பிட வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இருட்டிய பிறகும் வகுப்பு நடக்கும், செல்வியும் இருப்பாள்.

கல்வி தானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அபயமும், அஞ்சியவருக்குத் துணை நிற்பதும், ஒரு தானம்தான். அதைத் தர இன்று வகுப்புக்கு யார் வருகிறீர்கள்?