சந்தனமேரி எழுதிய வாக்கியம்

முதல் மணி அடிப்பதற்குள் அருளம்மாள் டீச்சரின் தம்பி பாம்பனிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். "அக்கா விடியக்காலையில போயிருச்சு டீச்சர். சாயங்காலம் அடக்கம்" என்றார். டீச்சர் காய்ச்சல் என்றுதான் லீவு எடுத்திருந்தார். நான் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மண்டபம் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய ஆங்கில வகுப்பு தெரியும். மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டார். பிழையைப் பார்த்துத்தான் பெஞ்சு பிரிப்பார். நேற்று போனதற்கும் 'கோ' என்றே எழுதுகிறவர்கள் முதல் பெஞ்சு. அதோடு 'ஈடி' சேர்த்து எழுதுகிறவர்கள் இரண்டாவது. "ரெண்டுமே தப்புதானே?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல கோமதி. ரெண்டாவது பிள்ளைக்கு நேத்துன்னு ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சுபோச்சு. அது பெரிய தூரம்" என்றார். 'டிட் நாட் வென்ட்' என்று இறந்தகாலத்தை இரண்டு தடவை எழுதினால் சந்தோஷமாகக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவார்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது, அங்கிருந்து சந்தனமேரி வந்து சேர்ந்தாள். தாய் கடலோடு போய்விட்டாள். தகப்பன் முன்பே இல்லை. மாமா வீட்டில் இருந்தாள். எட்டாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்க்க, வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். "தி சீ கேம். அவர் ஹவுஸ் ஃபெல். மை மதர் செல்ஸ் ஃபிஷ்" என்று எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியர் தாளைத் தட்டினார். "காலமே தெரியல. ஆறாம் வகுப்புல போடுங்க."

"கடல் வந்துச்சுன்னு எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு, அம்மா வித்தாங்கன்னு எழுதத் தெரியாதா சார்? இது இங்கிலீஷ் தெரியாத பிழையில்ல. எட்டுலயே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"பெரிய பரீட்சையில இப்படி எழுதுனா?"

"அப்பப் பாத்துக்கலாம்."

தலைமையாசிரியர் அரைமனதாகச் சம்மதித்தார். சந்தனமேரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எத்தனையோ கட்டுரை எழுதினாள். எல்லாவற்றிலும் அவள் அம்மா மீன் விற்கிறாள், தலை பின்னிவிடுகிறாள், ஏசுகிறாள், எல்லாம் நிகழ்காலத்தில். அந்த வரிகளில் மட்டும் டீச்சரின் சிவப்பு மை படவேயில்லை.

பரீட்சை நெருங்கிய சமயம், டீச்சர் ஆசிரியர் அறையில் சந்தனமேரியின் தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். 'மை மதர் சோல்ட் ஃபிஷ்.'

"பிள்ளை சரியா எழுதிருச்சே!" என்றேன்.

அவர் சந்தனமேரியைக் கூப்பிட்டனுப்பினார். "யாரு இப்படி எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். பெயிலானா கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போகணும்னு மாமா சொல்லிட்டாரு."

அவள் போன பிறகும் டீச்சரால் அந்த வரிக்கு 'சரி' போட முடியவில்லை. "அம்மாவக் குடுத்துட்டுப் பாஸ் வாங்குறா கோமதி" என்றார். அன்று மாலையே மாமா வீட்டுக்குப் போய், பாஸானாலும் பெயிலானாலும் பள்ளியை விட்டு நிறுத்துவதில்லை என்று வாக்கு வாங்கி வந்தார். ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு தாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. "நான் பிந்திட்டேன்" என்று டீச்சர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில், பாலத்தில் ரயில் நின்றுபோன ஒரு மத்தியானத்தில், சம்பந்தமே இல்லாத நேரங்களில்.

அவருடைய வகுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பிழையைக் கண்டால் பேனாவை வைத்துவிட்டு, "ஏம்மா இப்படி எழுதுன?" என்று கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். பிள்ளைகள் பதில் சொல்லத் தொடங்கும்போது, ஒவ்வொரு முறையும் நானும் பிந்திவிட்டேனோ என்று தோன்றுகிறது.