பூவின் தாய் பெற்ற நாய்வால்

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. தகரத்தைச் சுரண்டுவது போன்ற வறட்டு இருமல். சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த மாபலேசாவின் கை அப்படியே நின்றது. முதல் இரண்டு பிள்ளைகளும் இதே இருமலில்தான் போயின.

மாபலேசா என்றால் அந்த ஆப்பிரிக்க மலைநாட்டின் செசோத்தோ மொழியில் 'பூவின் தாய்'. கல்யாணத்தன்று, பிறக்கப்போகும் பிள்ளையை வைத்துப் புகுந்த வீடு சூட்டிய பெயர். அந்தப் பூ, மூத்தவள் பலேசா, நாற்பதே நாளில் மண்ணுக்குள் போனாள். அடுத்தவன் பெயர் வைக்கும் முன்பே போனான். மூன்றாவது பெண் பிறந்ததும் நாத்தனார் மாலிநேயோ கையில் வாங்கி, "மொசெலாஞ்சா" என்றாள். நாய்வால். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு ஒதுங்கிப் போகட்டுமே! எட்டு மாதமாக மலையூர் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது.

பெற்றவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பால் கொடுக்கும்போது, யாருக்கும் தெரியாமல், "பலேசா, என் பலேசா" என்று கொஞ்சிவிட்டாள். இப்போது நான்கு நாளாகப் பிள்ளைக்குக் காய்ச்சல். புருஷனோ எல்லை தாண்டி, சுரங்க வேலையில்.

சொல்லியனுப்பியதும் மாலிநேயோ பனியில் குதிரையேறி வந்துவிட்டாள். மாபலேசா அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் மதினி. நான்தான் இதுக்கு எமன். பலேசான்னு கூப்பிட்டுட்டேன்."

"அடிப்பாவி! செத்தவ பேரையா? கொஞ்சறதுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையாடி உனக்கு?"

உள்ளே போன மாலிநேயோ, குழந்தையின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தாள். உடனே குரலைக் கூரை அதிர உயர்த்தினாள்.

"சீ, இதுவும் ஒரு பிள்ளையா! கருகின உருளைக்கிழங்கு மாதிரி மூஞ்சி! எங்கயாவது வீசிட்டு வரேன்!"

சொல்லிக்கொண்டே குழந்தையை மார்போடு அணைத்து, மேலே தன் கம்பளியைச் சுற்றி, அது அவிழாதபடி பெரிய ஊக்கைக் குத்தினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நானும் வரேன் மதினி."

"இந்தப் பனியில ரெண்டு பேரைக் குதிரை தாங்காது." பிறகு காதருகே வந்து, "அழுது தொலைக்காதே. உனக்கு ஆசை இருக்குன்னு அந்தச் சாவுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

குதிரை ஆஸ்பத்திரிப் பக்கமாகச் சரிவில் இறங்கியது. கம்பளிக்குள்ளிருந்து ஒருமுறை இருமல் கேட்டது. மாபலேசாவுக்குத் தொண்டை வரை அந்தப் பெயர் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"கொண்டு போங்க அந்த நாய்வாலை! திரும்பக் கொண்டு வராதீங்க! எனக்கு வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

மாலிநேயோ திரும்பிப் பார்க்கவில்லை. பனி இருவரையும் மறைத்தது. மாபலேசா இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.