சந்தனப் பொட்டு வைத்த பெடல்

"நீ இல்லன்னா நம்ம குழுவுல இன்னாடா கொறையும்?"

கொளஞ்சியப்பன் இப்படிக் கேட்டது அறிவுச்செல்வனை. அதற்குப் பதில் இதை எழுதுகிற எனக்கும் அப்போது தெரியாது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே, சர்க்கரை போதுமா என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். அதுதான் அறிவுக்கு உறைத்தது.

கொளஞ்சியப்பன் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். கொரோனா வந்த வருடம் ஒரு திருவிழாகூட இல்லை. அடுத்த தை மாதம் பிறந்ததும் ஊர்களில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் எல்லாரும் ஆள் கம்மியாக வந்தால் போதும் என்றார்கள். குழுவில் கீபோர்டு வாசிக்கிற வீரமணியின் கீபோர்டுக்குள்ளேயே கிடார் சத்தம் இருக்கிறது. ஒரு பட்டனை அமுக்கினால் வந்துவிடும். அப்புறம் எதற்குத் தனியாகக் கிடாருக்கு ஒரு ஆள், வண்டியில் ஒரு இடம், சாப்பாட்டில் ஒரு இலை? கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதில் வாசி, அப்புறம் முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அறிவுச்செல்வனுக்கு ரிஷிவந்தியம் பக்கம். அப்பா அய்யனார் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் மரவள்ளியும் போடுகிறவர். மகன் கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. படித்தான். படிக்கும்போது திருக்கோவிலூரில் ஒரு சிநேகிதன் வீட்டில் சும்மா சாத்தி வைத்திருந்த கிடாரை எடுத்துத் தடவியவன், அதோடு ஒட்டிக்கொண்டான். பகலில் செல்போன் கடையில் வேலை. இடையில் அரசாங்கப் பரீட்சைகள் எழுதுவான். திருவிழாக் காலத்தில் மேடை. ஊரில் அவனைக் கடைக்காரன் என்று சொல்வதா, பாட்டுக்காரன் என்று சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும்தான்.

டீக்கடையில் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாதவன், ஒரு பெட்டியால் பதில் சொல்லலாம் என்று நினைத்தான். புதுச்சேரியில் ஒருவரிடம் இருந்து பழைய லைன் செலக்டர் பெடல் ஒன்றை வாங்கி வந்தான்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிடாரில் இருந்து போகிற ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகாது. நடுவில் தரையில் கிடக்கிற பெடல்கள் வழியாகப் போகும். அறிவிடம் இரண்டு பெடல் இருந்தது. ஒன்று சத்தத்தைக் கரகரவென்று கிழிக்கும். இன்னொன்று சத்தத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டதுபோல ஆக்கும். ஒரே பாட்டில் இரண்டும் வேண்டியிருக்கும். ஒன்றை மிதித்து அணைத்து, இன்னொன்றை மிதித்துப் போடுவதற்குள் பாடுகிறவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். லைன் செலக்டர் இருந்தால் ஒரே மிதியில் அதில் இருந்து இதற்கு மாறிவிடலாம்.

அய்யனார் வரப்பில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். மகன் மாட்டுக்கொட்டகையில் அந்தப் பெட்டியை மிதித்து மிதித்துப் பழகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், இது என்ன கணக்கு என்று கேட்டார். அவன் விளக்கினான்.

"மட மாத்தறதுதான? கரும்புக்கு அடச்சிட்டு மரவள்ளிக்குத் தொறக்கற" என்றார்.

"ஆமாம்பா."

"அத குனிஞ்சி மாத்தனா இன்னா, இடுப்பு புடிச்சிக்குமா?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் இந்தப் பெட்டியில் மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. முதல் மிதிக்குக் கரகரப்பு, சிவப்பு விளக்கு எரியும். இரண்டாவது மிதிக்கு மிதப்பு, பச்சை விளக்கு எரியும். மூன்றாவது மிதிக்கு இரண்டு மடையும் அடைபட்டு, கிடாரின் வெறும் சத்தம் மட்டும் போகும், விளக்கு எரியாது. மறுபடி மிதித்தால் சிவப்பு. ஆகவே மிதித்ததும் ஓரக்கண்ணால் விளக்கைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து வாசிக்க அவன் நன்றாகவே பழகிவிட்டான்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கம் முழுக்க இட ஒதுக்கீட்டுப் பேச்சுதான். வேலையிலும் படிப்பிலும் அறிவின் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு அலுவலகம் அலுவலகமாக மனுக் கொடுத்தார்கள். சங்கராபுரத்தில் ஆர்ப்பாட்டம் என்று முடிவானபோது, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அய்யனாரால் நடக்க முடியாது. அறிவுதான் போக வேண்டும். ஆர்ப்பாட்டமும் வெள்ளிமலை நிகழ்ச்சியும் ஒரே நாளில் வந்தன.

வீரமணி வேறு சமூகம். இருவரும் ஒரே பரீட்சையை எழுதிவிட்டு ஒரே வண்டியில் திரும்பியவர்கள். அறிவு ஆர்ப்பாட்டத்துக்குப் போகிற செய்தி தெரிந்ததும் அவன் போனில் சிரித்தான். "அப்டியே நம்ம குழுவுலயும் உள் ஒதுக்கீடு கேட்டுடு மாமா. கிடாருக்கு ஒரு சீட்டு" என்றான். அறிவும் சிரித்தான். போனை வைத்த பிறகு, அவன் சொன்னது கேலியா, கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

சங்கராபுரத்தில் முதுகில் கிடார் பையோடு கூட்டத்தில் நின்றான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கோஷத்துக்கு ஏற்ற மாதிரி இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். இன்னொருவர், நியாயத்துக்காக வந்த இடத்தில் கூத்து எதற்கு என்று அதட்டினார். இவன் தட்டுவதா வேண்டாமா என்று பையின் ஜிப்பைப் பாதி திறந்தபடி நின்றான். வேலை வேண்டும் என்று கேட்பது நியாயமாகத்தான் பட்டது. அதே வேலைக்கு வீரமணியும் நிற்கிறானே என்றும் பட்டது. இரண்டையும் சேர்த்து யோசிக்க அவனால் முடியவில்லை. மனுக் கொடுத்து முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

கச்சிராயபாளையம் வழியாகப் போய், கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினான். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. போய்ச் சேர்ந்தபோது மேடைக்கு முன்னால் பூஜை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட நாள் கழித்து மேடை ஏறினாலும், புதிதாக ஒரு வாத்தியம் வாங்கினாலும், எல்லாவற்றையும் சாமி முன்னால் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துத்தான் எடுப்பார்கள். அறிவு அவசரமாகக் கிடாரையும் புதுப் பெட்டியையும் வரிசையின் கடைசியில் வைத்தான்.

பூசாரி கீபோர்டுக்கு வைத்தார், தாளம் தட்டுகிற பேடுக்கு வைத்தார், கிடாருக்கு வைத்தார். பெட்டியிடம் வந்தபோது அதற்கு நெற்றி எது என்று கொஞ்சம் தேடினார். மேலே பக்கத்தில் பக்கத்தில் பாசிமணி மாதிரி இரண்டு இருப்பதைப் பார்த்து, கட்டை விரலால் சந்தனத்தை வழித்து அதன்மேல் அகலமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அந்த மணிகள்தான் விளக்குகள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒயர் கொடுக்காததால் அவை எரியவும் இல்லை. அறிவு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

நன்றாக இருட்டியதும் நிகழ்ச்சி ஆரம்பித்தது. பாடகி எழில்மதி. முதல் பாட்டு மிதப்பில் தொடங்கி, நடுவில் கரகரப்பாக ஒரு நீள வாசிப்பு வரும். அந்த வாசிப்புக்காகத்தான் அறிவு பெட்டியே வாங்கினான்.

ஒயர் கொடுத்துத் தட்டிப் பார்த்தபோதே மிதப்பு வந்துவிட்டதால், அதுவரை அவன் விளக்கைப் பார்க்கவில்லை. இடம் வந்தது. மிதித்தான். விளக்கு இல்லை. வெறும் நிலையில் இருக்கிறது போல என்று இன்னொரு முறை மிதித்தான். அப்போதும் இல்லை. ஜெனரேட்டரில் கரண்ட் கம்மியோ, அடாப்டர் கழன்றுவிட்டதோ என்று குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தது. பொட்டு கண்ணில் பட்டது. ஆனால் மேடையில் எல்லாவற்றின் மேலும் பொட்டு இருந்தது. அதைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. மறுபடி இரண்டு முறை மிதித்தான். அதற்குமேல் காத்திருக்க முடியாமல் கம்பியில் கை வைத்தபோது, கரகரப்பு வரவேண்டிய இடத்தில் டொய்ங் என்று ஒரு வெறும் சத்தம் வந்தது.

வீரமணி திரும்பிப் பார்த்தான். ஒரு பட்டனை அமுக்கி, அந்த வாசிப்பு முழுவதையும் கீபோர்டிலேயே கிடார் சத்தத்தில் வாசித்துவிட்டான். கூட்டம் கை தட்டியது. கிடார் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. பேடு வாசித்துக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன், கீபோர்டைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

பெட்டி செத்துவிட்டதா என்றால் சத்தம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறதா என்றால் விளக்கு இல்லை. எந்த மடை திறந்திருக்கிறது என்று வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். வாசித்துப் பார்த்தால் தப்பு ஊருக்கே கேட்கும்.

அடுத்த பாட்டில் இடது கையைக் கம்பிகள்மேல் லேசாகப் பொத்தி, வலது கையால் சும்மா சுரண்டிப் பார்த்தான். ஸ்வரம் எதுவும் வராது. கர்க் என்றால் கரகரப்பு. ஷ்ஷ் என்றால் மிதப்பு. டக் என்றால் வெறும் சத்தம். இது பரவாயில்லை என்று தோன்றியது. ஒவ்வொரு மிதிக்குப் பிறகும் சுரண்டினான். பயத்தில் மிதிக்காதபோதும் சுரண்டினான். தடவிப் பார்க்கிறான் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அதைத் தாளத்தோடு ஒட்ட வைத்துச் சுரண்டினான்.

கொஞ்ச நேரத்தில் மேடைக்கு முன்னால் சனங்கள் வட்டம் கட்டினார்கள். ஆணும் பெண்ணுமாகக் கை கோத்துக் குனிந்து நிமிர்ந்து ஆடினார்கள். எழில்மதியைப் பாட்டை முடிக்கவே விடவில்லை. திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். அறிவு வட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்வை எரியாத விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் பாட்டு முடிந்ததும் எழில்மதி தண்ணீர் குடிக்கக் குனிந்தவள், அங்கிருந்தே கேட்டாள். "இன்னாண்ணா, உன் டப்பா கண்ண மூடிக்கினு கீது?"

அறிவு உட்கார்ந்து, சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று ஒரு நொடி தயங்கி, நகத்தால் சந்தனத்தை லேசாகச் சுரண்டினான். உள்ளே இருந்து சிவப்பாக எரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த பாட்டை மாட்டுக்கொட்டகையில் பழகியது மாதிரியே வாசித்தான். சிவப்பு, பச்சை, வெறும் சத்தம், எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. இதைவிடச் சுத்தமாக அவன் என்றைக்கும் வாசித்ததில்லை. நிமிர்ந்து பார்த்தான். வட்டம் தளர்ந்துகொண்டிருந்தது. சிலர் கை விட்டு நின்றார்கள். சிலர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். பச்சையம்மாள் என்று ஒரு பெண், ஆடிக்கொண்டிருந்தவள், வட்டத்தை விட்டு மேடை ஓரமே வந்துவிட்டாள்.

"அந்தச் சொரண்டற சத்தம் எங்கப்பா பூட்சி? கால எங்க வெக்கறதுன்னு தெர்ல" என்றாள்.

கொளஞ்சியப்பன் அறிவைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் வீரமணியைப் பார்த்துக் கையைக் காட்டினார். வீரமணி ஒரு பட்டனை அமுக்கினான். பிறகு இன்னொன்று. கூட்டம் காத்திருந்தது. ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டுச் சமாளித்திருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இதுல இல்லண்ணே" என்றான் மைக்கிலேயே. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "சொரண்டுடா" என்றான்.

அறிவு சுரண்டப் போனான். இப்போது விளக்கு தெரிந்ததால் கண் அதிலேயே போய் நின்று தாளம் தவறியது. பெட்டியை விட்டு முகத்தைத் திருப்பி, பச்சையம்மாளின் காலைப் பார்த்துச் சுரண்ட ஆரம்பித்தான். வட்டம் மறுபடி இறுகியது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது கொளஞ்சியப்பன், அடுத்தது திருக்கோவிலூர், நேரத்தோடு வந்துவிடு என்று மட்டும் சொன்னார். கிடாருக்கு இடம் இருக்கிறதா என்று அறிவு கேட்டான். "சொரண்டறதுக்கு ஆளு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

மலை இறங்கும்போது அறிவுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், அவனுக்கே தெரியவில்லை. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நாள்கணக்கில் பழகியதற்கா, பயத்தில் செய்ததற்கா? திறமை என்று சொல்வதா, பூசாரியின் கட்டை விரல் என்று சொல்வதா? வீரமணி மேடையில் ஏன் 'இதுல இல்லண்ணே' என்று சொன்னான் என்றும் அவன் கேட்கவில்லை. இருவரும் இன்னமும் ஒரே வண்டியில்தான் பரீட்சைக்குப் போகிறார்கள்.

ஒதுக்கீடு வந்துவிட்டது என்றார்கள். அப்புறம் கோர்ட்டில் செல்லாது என்றார்கள். வந்ததா, வரவில்லையா என்று அய்யனார் இன்றும் மகனிடம் கேட்கிறார். அவன் செல்போன் கடைக்குக் கிளம்பிக்கொண்டே, பார்க்கலாம்பா என்கிறான். திருவிழா வந்தால் கிடாரோடு போய்விடுகிறான்.

வெள்ளிமலையில் அன்று யாரோ எடுத்த வீடியோ எங்கள் பக்கத்தில் போன் போனாகச் சுற்றுகிறது. அதில் வட்டம் தெரிகிறது, எழில்மதி தெரிகிறாள், வீரமணி தெரிகிறான். சுரண்டுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. சுரண்டுகிறவன் மட்டும் தெரியவில்லை. படத்துக்கு வெளியே, இடது ஓரத்தில் நிற்கிறான். கீழே எல்லாரும் கீபோர்டு சூப்பர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வீடியோ உங்களுக்கு வந்தால், அதை யாருக்காவது அனுப்பும்போது இந்தக் கதையையும் தயவுசெய்து சேர்த்து அனுப்புங்கள்.